ஆய்வு மென்பொருளைப் பராமரிக்க யார் பணம் தருவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பைத்தான் என்ற நிரல்மொழியில் ஆய்வு செய்கிற யாருக்கும் நம்பை, சைப்பை, மேட்பிளாட்லிப் ஆகிய மூன்று பெயர்களும் பழக்கம். எண் கணக்குக்கும் அறிவியல் கணக்கீட்டுக்கும் வரைபடத்துக்கும் உதவும் நூலகங்கள் இவை, அதாவது பிற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்புகள். இவற்றை யார் பராமரிக்கிறார்கள், அவர்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்பது அந்த அளவுக்குத் தெரிந்த விஷயம் இல்லை. இந்தப் பக்கம் அதைப் பற்றியது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் இந்தப் பைத்தான் குடும்பத்திலிருந்தே வருகின்றன. இவர்களுக்கு யார், எப்போது, எவ்வளவு கொடுத்தார்கள் என்பது பொதுவெளியில் இருக்கிறது. பிற துறைகளின் கதையும் ஏறக்குறைய இதே மாதிரிதான்.

ஆய்வு மென்பொருள் என்று எதையெல்லாம் சொல்கிறோம்?

மூன்று அடுக்காகப் பிரித்துக்கொள்ளலாம். மேலே, ஒரே ஒரு கட்டுரைக்காக ஓர் ஆய்வு மாணவர் எழுதும் நிரல். நடுவில், ஒரு துறை முழுவதும் பயன்படுத்துவது: வானியலுக்கு அஸ்ட்ரோபை, மூலக்கூறு இயக்கத்துக்கு குரோமாக்ஸ், மரபணுத் தரவுக்கு பயோகண்டக்டர். அடியில், எல்லாத் துறைகளும் நிற்கும் தளம்: நம்பை, அதற்கும் கீழே அணிக் கணக்குகளைப் போடும் ஓபன்பிளாஸ்.

கீழே போகப் போகப் பணச் சிக்கல் கூடுகிறது. மேலடுக்கில் நிரல் எழுதியவர் பெயரில் ஒரு கட்டுரையாவது வரும். ஓபன்பிளாஸ் என்ற பெயரையே கேள்விப்படாமல் தினமும் அதை ஓட்டுகிறவர்கள் ஏராளம்.

எழுதி முடித்த நிரல்தானே? பராமரிக்க என்ன இருக்கிறது?

நிரல் அப்படியே இருந்தாலும் அதைச் சுற்றியுள்ள எல்லாம் மாறிக்கொண்டே இருக்கின்றன. பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்தது. அதற்கு முன்பே ஒவ்வொரு நூலகமும் பைத்தான் 3-க்கு மாறியிருக்க வேண்டும். அந்த வேலையைச் சில வருடங்களாக யாரோ செய்தார்கள். அதே 2020-இன் கடைசியில் ஆப்பிள் தன் சொந்தச் சிப்போடு மேக் கணினிகளை வெளியிட்டது. சைப்பையின் உள்ளே ஃபோர்ட்ரான் என்ற பழைய மொழியில் எழுதிய நிரல் நிறைய உண்டு. புதிய சிப்புக்கு நம்பத்தக்க இலவச ஃபோர்ட்ரான் கம்பைலர் (நிரலை இயந்திரமொழிக்கு மாற்றும் மென்பொருள்) அப்போது தயாராக இல்லை. புது மேக் வாங்கிய ஆய்வாளர் "ஏன் இன்ஸ்டால் ஆகவில்லை?" என்று கேட்டார். அதற்கு விடை கண்டுபிடித்தவர்களில் பலர் தங்கள் மாலை நேரத்தைச் செலவழித்தார்கள். 2024 ஜூனில் நம்பை 2.0 வந்தது. 2006-இல் 1.0 வந்ததற்குப் பிறகு முதல் பெரிய பதிப்பு மாற்றம் அது. நம்பையின் சி மொழி இடைமுகத்தைத் தொடும் எல்லா நூலகங்களும் அதற்கேற்ப மறுபடி கம்பைல் ஆக வேண்டியிருந்தது. அதை ஒருங்கிணைப்பதே தனி வேலை.

இவை எப்போதாவது வருபவை. தினசரி வேலை வேறு. வந்திருக்கும் பக் (பிழை) புகாரைப் படிக்க வேண்டும், தன் கணினியில் அதை மறுபடி வரவழைத்துப் பார்க்க வேண்டும், பயனர் புரிந்துகொண்டதில் தவறா, நிரலிலேயே தவறா என்று பிரிக்க வேண்டும். யாரோ அனுப்பிய திருத்தத்தை வரிவரியாகச் சரிபார்க்க வேண்டும். இதைச் செய்தவர்கள் சொல்வது என்னவென்றால், பிறர் எழுதியதைச் சரிபார்ப்பது பல சமயம் தானே எழுதுவதை விட அதிக நேரம் எடுக்கும். அப்புறம் ஆவணங்கள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் சோதனை ஓட்டி ரிலீஸ் செய்வது. இதில் எதையும் ஆய்வுக் கட்டுரையாக எழுத முடியாது.

செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? நிரல் நின்றுபோனால் பரவாயில்லை, அது கண்ணுக்குத் தெரியும். நிற்காமல் ஓடி, தவறான எண்ணைத் தருவதுதான் ஆய்வில் ஆபத்து. அந்த எண் ஒரு கட்டுரைக்குள் போய்விட்டால், அதை நம்பி இன்னும் பத்துக் கட்டுரைகள் வரும்.

அப்படியானால் நம்பையை இத்தனை வருடம் யார் காப்பாற்றினார்கள்?

1990-களின் நடுவில் நியூமெரிக் என்ற நூலகம் இருந்தது. ஹப்பிள் தொலைநோக்கியின் தரவைக் கையாளும் அமெரிக்க விண்வெளித் தொலைநோக்கி அறிவியல் நிறுவனம் நம்அரே என்று இன்னொன்றை எழுதியது. பைத்தான் சமூகம் இரண்டாகப் பிரிந்து நின்றது. 2005-இல் டிராவிஸ் ஆலிஃபன்ட் இரண்டையும் ஒன்றாக்கும் வேலையைத் தொடங்கினார். அப்போது அவர் அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் இளம் பேராசிரியர், நிரந்தரப் பணிக்காகக் கட்டுரைகள் எழுதிச் சேர்க்க வேண்டிய பருவம். அந்த நேரத்தைத்தான் அவர் நம்பைக்குக் கொடுத்தார். கொஞ்சமாவது வருமானம் வேண்டுமென்று நம்பைக்கான கையேட்டை எழுதி விலைக்கு விற்றார், பிறகு அதையும் இலவசமாக்கிவிட்டார். 2007-இல் பல்கலைக்கழகத்தை விட்டு என்தாட் என்ற நிறுவனத்துக்குப் போனார்.

அதன் பிறகும் பல வருடங்களுக்கு நம்பை தன்னார்வலர்களை நம்பியே ஓடியது. மூர் அறக்கட்டளை கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கு நம்பை மேம்பாட்டுக்கென்றே பெரிய நல்கை ஒன்றைத் தந்தது 2017-இல்தான். அடுத்த வருடம் ஸ்லோன் அறக்கட்டளையும் தந்தது. இரண்டும் சேர்ந்து சுமார் 13 லட்சம் டாலர். அந்தப் பணம் வந்த பிறகே முழு நேரமும் நம்பையைப் பார்க்க ஆட்களைச் சம்பளத்துக்கு வைக்க முடிந்தது.

2006-க்கும் 2017-க்கும் இடையே இந்த நூலகம் இல்லாமல் நடக்க முடியாத ஆய்வுகள் எத்தனை என்று யோசித்துப் பாருங்கள். 2015 செப்டம்பரில் அமெரிக்காவின் லைகோ ஆய்வகம் பிடித்த முதல் ஈர்ப்பலையின் தரவை அலசவும் இந்தப் பைத்தான் கருவிகள் பயன்பட்டன. ஆய்வுக் குழு அதற்கான ஜூப்பிட்டர் நோட்டுப் புத்தகத்தையே (நிரலும் விளக்கமும் விடையும் ஒன்றாக இருக்கும் கோப்பு) பொதுவில் வைத்தது.

இவ்வளவு முக்கியம் என்று தெரிந்தால் நிதி நிறுவனங்கள் தாமாகவே தந்துவிடுமே?

2019 ஏப்ரல் 10-ஆம் தேதி கருந்துளையின் முதல் படம் வெளியானது. உலகம் முழுவதும் செய்தித்தாள்களின் முதல் பக்கத்தில் வந்த அந்தப் படத்தை உருவாக்க மேட்பிளாட்லிப் உள்ளிட்ட பைத்தான் நூலகங்கள் பயன்பட்டன. ஐந்து நாள் கழித்து, இதே நூலகக் குடும்பத்துக்கு ஆதரவு கேட்ட விண்ணப்பம் ஒன்றை அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை நிராகரித்தது. போதுமான தாக்கம் இல்லை என்பது அதற்குச் சொன்ன காரணம். நேச்சர் இதழ் இதை அந்த வருடமே எழுதியது.

அந்த அறக்கட்டளையை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஆய்வு மென்பொருளுக்கு நிறையவே செலவிட்ட அமைப்பு அது. 2010 வாக்கிலிருந்தே இதற்கெனத் தனித் திட்டங்கள் வைத்திருக்கிறது. விண்ணப்பங்களை மதிப்பிடும் முறையில்தான் கோளாறு. "புதிதாக என்ன கண்டுபிடிப்பீர்கள்?" என்று கேட்கும் படிவத்தில் "இருப்பது கெடாமல் பார்த்துக்கொள்வோம்" என்று எழுதுகிறவர் எப்போதும் பின்வரிசையில்தான் நிற்பார்.

பராமரிப்புக்குப் பணம் தர ஏன் இவ்வளவு தயக்கம்?

நம் ஊரில் ஏரி வெட்டிய அரசனின் பெயர் கல்வெட்டில் இருக்கும். வருடா வருடம் தூர்வாரி மதகைச் சரிசெய்த குடிமராமத்துக்காரர்களின் பெயர் எங்கும் இருக்காது. ஆனால் ஏரி நின்றது அவர்களால். குடிமராமத்து விட்டுப்போன இடங்களில் ஏரி என்ன ஆனது என்பதும் நமக்குத் தெரியும்.

ஆய்வு நிதியில் இதற்குக் குறிப்பான காரணங்கள் சில உண்டு. ஒன்று, கால அளவு. திட்டம் மூன்று வருடம், மென்பொருளின் ஆயுள் முப்பது வருடம். மூன்றாம் வருடம் முடிந்ததும் பயிற்சி பெற்ற ஆள் வேறு வேலைக்குப் போய்விடுவார். இரண்டு, யாருடைய பொறுப்பு என்ற குழப்பம். நம்பையை உயிரியலாளர் பயன்படுத்துகிறார், வானியலாளரும் பயன்படுத்துகிறார். உயிரியல் நிதியைக் கேட்டால் "இது கணினித் துறை" என்பார்கள். கணினித் துறையைக் கேட்டால் "இதில் புதிய கணினி அறிவியல் எதுவும் இல்லையே" என்பார்கள். மூன்று, வெற்றியைக் காட்ட முடியாது. பராமரிப்பு நன்றாக நடந்தால் எதுவுமே நடக்காதது போல இருக்கும்.

நான்காவது காரணம் எனக்கு அதிகம் வருத்தம் தருவது: இலவசமாகக் கிடைப்பதால் செலவும் இல்லை என்ற நினைப்பு. பிரிட்டனின் மென்பொருள் நிலைத்தன்மைக் கழகம் 2014-இல் அங்குள்ள 15 முன்னணிப் பல்கலைக்கழகங்களில் ஓர் ஆய்வு நடத்தியது. பதில் சொன்ன ஆய்வாளர்களில் 92 சதவீதம் பேர் ஆய்வு மென்பொருளைப் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். பத்தில் ஏழு பேர், மென்பொருள் இல்லாமல் தங்கள் ஆய்வை நடத்துவதே சாத்தியமில்லை என்றார்கள். இத்தனை பேர் சார்ந்திருக்கும் ஒன்றுக்குத் தங்கள் திட்டச் செலவில் ஓர் இடம் ஒதுக்குகிறவர்கள் இன்னும் மிகக் குறைவு.

இப்போது யார் யார் தருகிறார்கள்?

தனியார் அறக்கட்டளைகள்தான் முதலில் கதவைத் திறந்தன. மூர், ஸ்லோன் பற்றி மேலே சொன்னேன். 2019-இல் சான் ஸக்கர்பெர்க் அமைப்பு அறிவியலுக்கு இன்றியமையாத திறமூல மென்பொருளுக்கென (நிரலை யாரும் பார்க்கவும் மாற்றவும் முடிகிற மென்பொருள்) ஒரு திட்டம் தொடங்கியது. அதன் அழைப்பிலேயே பராமரிப்பு, ஆவணம், சமூகப் பணி ஆகியவற்றுக்குப் பணம் கேட்கலாம் என்று வெளிப்படையாக எழுதியிருந்தார்கள். முதல் சுற்றில் நம்பையும் ஓபன்பிளாஸும் சேர்ந்து 1,95,000 டாலர் பெற்றன. கீழடுக்கைத் தேடிப்போய்க் கொடுத்த நல்கை என்பதால் இதை நான் பெரிதாக மதிக்கிறேன். பின்னாளில் வெல்கம், காவ்லி அறக்கட்டளைகளும் அந்தத் திட்டத்தில் சேர்ந்துகொண்டன. 2022-இல் ஷ்மிட் ஃபியூச்சர்ஸ் என்ற கொடை அமைப்பு ஐந்து வருடத்துக்கு 4 கோடி டாலர் அறிவித்தது. அதில் கேம்பிரிட்ஜ், ஜார்ஜியா டெக், ஜான்ஸ் ஹாப்கின்ஸ், வாஷிங்டன் ஆகிய நான்கு பல்கலைக்கழகங்களில் ஆய்வாளர்களுக்கு உதவும் மென்பொருள் பொறியாளர்களை வேலைக்கு வைத்தார்கள்.

அரசுப் பக்கம் நாசா தான் சார்ந்திருக்கும் திறமூல நூலகங்களுக்கென்றே ஓர் அழைப்பு விடுத்து, நம்பை, சைப்பை, அட்டவணைத் தரவுக்கான பாண்டாஸ், இயந்திரக் கற்றலுக்கான சைகிட்-லேர்ன் ஆகியவற்றின் அடித்தளத்தை வலுப்படுத்த நிதி தந்தது. ஜெர்மனியின் ஆய்வு நிதி அமைப்பு மென்பொருள் நிலைத்தன்மைக்கெனத் தனி அழைப்பு விட்டது. 2022-இல் ஆம்ஸ்டர்டாமில் பல நாட்டு நிதி அமைப்புகள் கூடிப் பேசி, ஆய்வு மென்பொருளை நிலைக்கச் செய்வதற்கான ஒரு பிரகடனத்தை உருவாக்கின.

ஒரே இடத்தை நம்பியிருப்பதில் ஆபத்து உண்டு. பைத்தான் மொழியையே பேணும் பைத்தான் மென்பொருள் அறக்கட்டளை 2025 அக்டோபரில் 15 லட்சம் டாலர் அமெரிக்க அரசு நல்கைக்கான விண்ணப்பத்தைத் தானே திரும்பப் பெற்றது. பன்மைத்துவ முயற்சிகளைத் தடுக்கும் நிபந்தனை அந்த நல்கையோடு வந்தது. அது தங்கள் நோக்கத்துக்கு முரணானது என்பதோடு, மீறியதாகக் கருதப்பட்டால் கொடுத்த பணத்தையும் திருப்பிக் கேட்கலாம் என்ற அச்சமும் இருந்தது. பணம் எந்த நிபந்தனையோடு வருகிறது என்பதைக் கையெழுத்துக்கு முன்பே படித்துவிடுவது நல்லது.

நம்ஃபோகஸ் என்பது என்ன?

ஒரு மென்பொருள் திட்டத்துக்குப் பணம் தர யாராவது முன்வந்தாலும், அதை எந்த வங்கிக் கணக்கில் போடுவது? பத்து நாடுகளில் இருக்கும் முப்பது தன்னார்வலர்களுக்குச் சட்டப்படி ஓர் அமைப்பு கிடையாது. 2012-இல் அமெரிக்காவில் தொடங்கிய நம்ஃபோகஸ் இந்த இடத்தை நிரப்புகிறது. லாப நோக்கமற்ற அமைப்பாகப் பதிவு பெற்று, நன்கொடையை வாங்கி, கணக்கு வைத்து, வரி பார்த்து, பணத்தை ஒப்பந்தக்காரர்களுக்குக் கொடுக்கிறது. நிர்வாகச் செலவுக்கு ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும்.

அதே 2012-இல்தான் மேட்பிளாட்லிப்பை உருவாக்கிய ஜான் ஹன்டர் புற்றுநோய்ச் சிகிச்சையின்போது இறந்தார். 44 வயது. நரம்பியல் ஆய்வாளராக இருந்தவர், வலிப்பு நோயாளிகளின் மூளை மின்னலைகளைத் திரையில் பார்ப்பதற்காக அந்த நூலகத்தை எழுதத் தொடங்கினார். அவருக்குப் பின் வேறு சிலர் பொறுப்பேற்றதால் மேட்பிளாட்லிப் தொடர்ந்தது. ஒருவரை மட்டுமே நம்பியிருக்கும் மென்பொருள்கள் இன்றும் பல. நிதியின் முதல் பயன் இரண்டாவது ஆளை வேலைக்கு எடுப்பதாக இருக்க வேண்டும் என்று நான் நினைப்பது இதனால்தான்.

எந்த வழி உண்மையில் நன்றாக வேலை செய்திருக்கிறது?

சம்பளம். ஓர் நிறுவனம் ஒருவருக்கு மாதச் சம்பளம் கொடுத்து, "உன் வேலை இந்த மென்பொருள்" என்று சொன்ன இடங்களில் விளைவு பளிச்சென்று தெரிகிறது.

நுண்ணோக்கிப் படங்களை அலச உலகம் முழுவதும் பயன்படும் இமேஜ்-ஜே நிரலை எழுதிய வேய்ன் ராஸ்பேண்ட் அமெரிக்க தேசிய சுகாதாரக் கழகத்தின் ஊழியர். 1987-இல் அதன் முன்னோடியை எழுதத் தொடங்கி, ஓய்வு பெற்ற பிறகும் தொடர்ந்தார். லின்பேக், லேபேக் போன்ற கணித நூலகங்களுக்கு அமெரிக்க அரசு ஆய்வகங்களும் அரசு நல்கைகளும் பின்னால் இருந்தன. அந்தப் பணிக்காக ஜாக் டொங்காரா கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருதை 2021-க்குப் பெற்றார். பிரான்ஸின் இன்ரியா நிறுவனம் 2010-இல் சைகிட்-லேர்னைக் கையிலெடுத்துப் பொறியாளர்களைச் சம்பளத்துக்கு வைத்தது. 2007-இல் கூகுள் கோடைத் திட்டத்தில் (உதவித்தொகை பெற்றுத் திறமூல நிரல் எழுதும் திட்டம்) ஒரு மாணவரின் வேலையாகத் தொடங்கியதை உலகத் தரத்துக்குக் கொண்டுவந்ததில் அந்தச் சம்பளத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 2018-இல் நிறுவனங்களும் பணம் போடும் கூட்டமைப்பு ஒன்று இன்ரியா அறக்கட்டளையில் அமைந்தது.

ஒரு வருடத்துக்குப் பெருந்தொகை கொடுத்துவிட்டுப் போவதை விட, பத்து வருடத்துக்கு ஒருவர் சம்பளத்தைக் கொடுப்பது மேல். பத்து வருடம் இருப்பவருக்குத்தான் ஒரு வரி ஏன் அப்படி எழுதப்பட்டது என்பது நினைவிருக்கும்.

ஆர்.எஸ்.இ என்கிறார்களே, அது யார்?

ஆய்வு மென்பொருள் பொறியாளர். 2012-இல் பிரிட்டனில் நடந்த ஒரு பட்டறையில் இந்தப் பெயர் பிறந்தது. ஆய்வையும் புரிந்துகொண்டு, நிரலையும் ஒழுங்காக எழுதத் தெரிந்தவர்கள் அதுவரை போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர்) என்ற பெயரில் ஒளிந்திருந்தார்கள். கட்டுரை எண்ணிக்கை குறைவு என்பதால் அவர்களுக்குப் பதவி உயர்வும் இல்லை. பெயர் வந்ததும் பணியிடம் வந்தது. அதே வருடம் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி தனிக் குழு அமைத்தது. 2019-இல் பிரிட்டனில் இதற்கெனச் சங்கமே உருவானது. ஆசியாவில் 2021 முதல் ஆர்.எஸ்.இ ஏசியா என்ற அமைப்பு இயங்குகிறது.

இந்தக் குழுக்களில் பல, சம்பளத்தின் ஒரு பகுதியைப் பல்கலைக்கழகத்திடமும் மீதியை ஆய்வுத் திட்டங்களிடமும் வாங்குகின்றன. ஒரு திட்டத்துக்கு வருடத்தில் 40 நாள் ஒரு பொறியாளர் போதும் என்றால், அந்த 40 நாளுக்கு மட்டும் கட்டணம். சிறிய ஆய்வகத்துக்கும் இது கட்டுப்படியாகும்.

நிறுவனங்கள் தரக்கூடாதா? அவைதானே அதிகம் பயன்படுத்துகின்றன?

தரலாம், சில தருகின்றன. ஊழியர்களுக்கு வேலை நேரத்தில் பங்களிக்க அனுமதி தருவதும் பெரிய உதவிதான். ஆனால் நிறுவனத்துக்கு வேண்டிய பகுதிக்குத்தான் அந்தப் பணம் போகும். இயந்திரக் கற்றலுக்குத் தேவைப்படும் நூலகத்துக்குக் கிடைப்பது, கடல் நீரோட்டத்தைக் கணிக்கும் நிரலுக்குக் கிடைக்காது. லாபம் வராத அறிவியலுக்குப் பொதுப்பணம்தான் வழி.

பேசாமல் பயனர்களிடம் கட்டணம் வாங்கிவிட்டால் என்ன?

ஒருவர் கண்டுபிடித்ததை இன்னொருவர் சரிபார்க்க முடிவதுதான் அறிவியல். சரிபார்க்க லைசென்ஸ் வாங்க வேண்டும் என்றால், பணமில்லாத கல்லூரி அந்த வட்டத்துக்கு வெளியே நின்றுவிடும். நம் மாவட்டக் கல்லூரிகளில் படிக்கும் மாணவர் இன்று அமெரிக்க ஆய்வகத்தில் இருக்கும் அதே கருவியை அதே நாளில் இறக்கிக்கொள்ள முடிகிறது. அதை விட்டுக்கொடுக்கக் கூடாது. பயிற்சி, நிறுவனங்களுக்கான தனி ஆதரவு ஆகியவற்றுக்குக் கட்டணம் வாங்குவதில் தவறில்லை.

இந்தியாவில் நிலைமை என்ன?

இந்தியர்களின் பங்களிப்புக்குக் குறைவில்லை. முப்பரிமாணத் தரவைப் படமாக்கும் மயாவி என்ற பைத்தான் நூலகத்தை 2000-களின் தொடக்கத்தில் எழுதியவர் பிரபு ராமச்சந்திரன். அப்போது அவர் சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்ட மாணவர். அதன் இரண்டாம் வடிவத்துக்கு அமெரிக்க நிறுவனமான என்தாட் ஆதரவு தந்தது. சைப்பை இந்தியா மாநாடு 2009-இல் திருவனந்தபுரத்தில் தொடங்கியது. மும்பை ஐ.ஐ.டி.யின் ஃபாஸீ திட்டத்துக்கு மத்தியக் கல்வி அமைச்சகம் பணம் தருகிறது. திறமூல மென்பொருளைக் கல்லூரிகளுக்குக் கொண்டுபோவது அதன் முக்கிய வேலை, அதை நன்றாகவே செய்கிறது.

வன்பொருளுக்கு நாம் தாராளமாகச் செலவிடுகிறோம். 2015-இல் அறிவித்த தேசிய சூப்பர்கம்ப்யூட்டிங் திட்டத்தின் மதிப்பு 4,500 கோடி ரூபாய். பயன்பாட்டு மென்பொருளை உருவாக்குவதும் அதன் நோக்கங்களில் உண்டு, பாராட்ட வேண்டியது. ஆனால் அந்த இயந்திரங்களில் ஓடும் பொதுவான திறமூல நூலகங்களைப் பேணுவதற்கென்று இந்தியாவில் நிலையான நிதிவழி இன்னும் உருவாகவில்லை. ஆய்வு மென்பொருள் பொறியாளர் என்ற பணியிடமும் நம் பல்கலைக்கழகங்களில் மிக அரிது.

தனியார் பக்கம் ஒரு நல்ல தொடக்கம் உண்டு. பெங்களூருவின் பங்கு வர்த்தக நிறுவனமான ஜெரோதா 2024 அக்டோபரில் ஃப்ளாஸ் ஃபண்ட் என்ற நிதியை அறிவித்தது. வருடம் 10 லட்சம் டாலர், உலகின் எந்தத் திறமூலத் திட்டத்துக்கும். ஒரு திட்டத்துக்கு 10,000 முதல் 1,00,000 டாலர் வரை. அறிவியலுக்கு மட்டுமானது இல்லை என்றாலும் அறிவியல் நூலகங்களும் விண்ணப்பிக்கலாம்.

வெளிநாட்டு அறக்கட்டளையின் நல்கையை இங்குள்ள நிறுவனத்தின் வழியாக வாங்க நினைத்தால், வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் அந்த நிறுவனத்தின் நிலை என்ன என்று முதலில் நிர்வாகத்திடம் கேட்டுவிடுங்கள். விண்ணப்பம் வென்ற பிறகு இதைக் கண்டுபிடித்தால் மாதக்கணக்கில் தள்ளிப்போகும்.

நான் ஆய்வுத் திட்ட விண்ணப்பம் எழுதுகிறேன். மென்பொருளுக்கு எப்படிப் பணம் கேட்பது?

இந்தியப் படிவங்களில் "மென்பொருள் பராமரிப்பு" என்று தனித் தலைப்பு பெரும்பாலும் இருக்காது. உபகரணம், பயணம், நுகர்பொருள், ஆள்பலம், இதர செலவு என்றுதான் இருக்கும். ஆள்பலத்தில் கேளுங்கள். ஆனால் ஜே.ஆர்.எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) பணியிடமாகக் கேட்காதீர்கள். அந்த மாணவர் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையில் முனைவர் பட்டத்துக்காக வந்தவர். அவரிடம் மூன்று வருடம் நிரல் பராமரிப்பைக் கொடுத்தால் அவருடைய ஆய்வேடு நின்றுவிடும். இது பல ஆய்வகங்களில் நடக்கிறது, அந்த மாணவருக்குச் செய்யும் அநியாயம் அது. திட்ட அசோசியேட் அல்லது திட்ட விஞ்ஞானி என்ற பணியிடமாகக் கேட்டு, வேலை விவரத்தில் மென்பொருள் என்றே எழுதுங்கள்.

நியாயப்படுத்தும் பகுதியில் "பராமரிப்பு" என்று மொட்டையாக எழுதினால் மதிப்பீட்டாளர் தாண்டிப் போய்விடுவார். என்னென்ன வேலை என்று எழுதுங்கள்: எந்தப் பதிப்பிலிருந்து எந்தப் பதிப்புக்கு மாற்ற வேண்டும், எத்தனை பக் புகார்கள் நிலுவையில் உள்ளன, சோதனைகள் நிரலின் எவ்வளவு பகுதியைத் தொடுகின்றன, எத்தனை ஆய்வகங்கள் பயன்படுத்துகின்றன. பராமரிக்காவிட்டால் உங்கள் திட்டத்தின் எந்த முடிவு கேள்விக்குள்ளாகும் என்பதையும் ஒரு பத்தி எழுதுங்கள். உபகரணத்துக்கு வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் கேட்டால் எந்தக் குழுவும் மறுப்பதில்லை. அதே தர்க்கத்தை இங்கே நினைவூட்டலாம்.

நீங்கள் சார்ந்திருக்கும் அடித்தள நூலகத்துக்கும் ஒரு சிறு தொகை ஒதுக்க வழியிருக்கிறதா என்று பாருங்கள். நன்கொடை என்றால் தணிக்கையில் சிக்கும். "இந்தக் குறையைச் சரிசெய்து தர வேண்டும்" என்று குறிப்பான ஒப்பந்தப் பணியாகப் போட்டால் கணக்குப் பிரிவுக்கும் புரியும், திருத்தமும் எல்லோருக்கும் போய்ச் சேரும்.

மேற்கோள் காட்டினால் பணம் வந்துவிடுமா?

நேராக வராது. ஆனால் நிதி கேட்கிறவர் கையில் இருக்கும் ஒரே சான்று பெரும்பாலும் அதுதான். சைப்பைக்கும் நம்பைக்கும் 2020-இல் நேச்சர் குழும இதழ்களில் கட்டுரைகள் வந்தன, அவற்றை மேற்கோள் காட்டலாம். சிறிய மென்பொருள்களுக்கு 2016 முதல் ஜாஸ் என்ற திறமூல மென்பொருள் இதழ் இருக்கிறது. அங்கே நிரலையே மதிப்பாய்வு செய்கிறார்கள். நன்றி பகுதியில் மட்டும் பெயர் போட்டால் எண்ணிக்கையில் வராது, மேற்கோள் பட்டியலிலேயே போடுங்கள்.

எல்லா மென்பொருளையும் காப்பாற்றத்தான் வேண்டுமா?

வேண்டியதில்லை. ஒரு கட்டுரைக்காக எழுதிய நிரலுக்குப் பராமரிப்பு தேவையில்லை, பாதுகாப்பான சேமிப்பு போதும். ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன் நடத்தும் ஜெனோடோ காப்பகத்திலோ, இன்ரியா தொடங்கிய சாஃப்ட்வேர் ஹெரிடேஜ் காப்பகத்திலோ வைத்துவிடலாம். ஒரே வேலையைச் செய்யும் ஐந்து நூலகங்கள் ஒரு துறையில் இருந்தால், ஐந்துக்கும் கொஞ்சம் கொஞ்சம் தருவதை விட அவை ஒன்றாகச் சேர்வதற்குப் பணம் தருவது நல்லது. நியூமெரிக்கும் நம்அரேயும் ஒன்றானதால்தான் நம்பை கிடைத்தது. இனிப் பராமரிக்க முடியாது என்றால் அதை முகப்பிலேயே எழுதிவிட வேண்டும். பயனர்கள் வேறு வழி தேட அவகாசம் கிடைக்கும்.

நான் மாணவர். என்னிடம் பணம் இல்லை. என்னால் என்ன முடியும்?

பராமரிப்பவரின் நேரத்தை மிச்சப்படுத்துங்கள், அதுவே பண உதவிக்குச் சமம். பக் புகார் எழுதும்போது பதிப்பு எண், முழுப் பிழைச் செய்தி, அதே பிழையை வரவழைக்கும் பத்து வரி நிரல் மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். ஆவணத்தில் புரியாத இடத்தைத் திருத்தி அனுப்புங்கள். முதன்முறை படிப்பவருக்குத்தான் அந்த இடம் கண்ணில் படும், பத்து வருடம் இருந்தவருக்குப் படாது. செயற்கை நுண்ணறிவுக் கருவி எழுதித் தந்த திருத்தத்தைப் படித்துப் பார்க்காமல் அப்படியே அனுப்பாதீர்கள். அதைச் சரிபார்க்கும் சுமை ஏற்கெனவே நேரமில்லாத ஒருவர் மேல் விழும்.

கூகுள் கோடைத் திட்டம் 2005 முதல் நடக்கிறது. இந்திய மாணவர்கள் அதில் பெரிய எண்ணிக்கையில் சேர்கிறார்கள், உதவித்தொகையும் உண்டு. சேர்ந்தால், கோடை முடிந்த பிறகும் நீங்கள் எழுதிய பகுதிக்கு வரும் புகார்களுக்காவது பதில் சொல்லுங்கள். உங்கள் வழிகாட்டி அந்தக் கோடையில் உங்களுக்குக் கொடுத்த மணி நேரங்களுக்கு அநேகமாக யாரும் அவருக்குச் சம்பளம் தந்திருக்க மாட்டார்கள்.